தொடுவதற்கு முன் பெயர் சொன்னவர்

களை எடுக்கும் ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது ரிஸ்வானாவின் போன் வந்தது. இப்ராஹிம் பாயின் ஒரே மகள், சென்னையில் வேலை பார்ப்பவள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க, வந்துருங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள். எங்கள் ஊரான பெருநகரிலிருந்து உத்திரமேரூருக்கு உடனே பஸ் கிடைத்தது. பாய்க்கு மண் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவரிடம் ஆணியும் தாழ்ப்பாளும் வாங்கிய உங்களுக்கு அவர் இரும்புக்கடை பாய். கடைக்கு மேலே, வீட்டில், மூன்று கம்ப்யூட்டர்களோடு அவர் நடத்திய இன்னொரு குடும்பம் பலருக்குத் தெரியாது. ஒன்றில் விண்டோஸ், கடை பில் போட. ஒன்றில் லினக்ஸ். மூன்றாவதில் படம் கிடம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும் ஏதோ ஒரு சிஸ்டம். அதன் பெயரை அவர் எத்தனையோ முறை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. அவர் வைத்த பெயர்கள்தான் எனக்கு நின்றன, எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள். விண்டோஸ் இருந்தது பெருநகர், என்னைச் சீண்டுவதற்காக. லினக்ஸ் மாகறல். கறுப்புத் திரைக்காரன் தாமல். அந்த ஊர் ஏரி மாதிரி எல்லாவற்றையும் தேக்கி வைப்பது அதன் வேலை.

"மூணும் ஒரே மாதிரி வாங்கினா இன்னா பாய்?" என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ வைரஸ் புகுந்து கடைத்தெருவில் பல கடைகளின் பில் மெஷின்கள் படுத்துக்கிடந்த சமயம் அது.

"ஒரே மாதிரி வச்சா ஒரே நோவு மூணுக்கும் வரும்பா. வேற வேறயா இருந்தா ஒன்னு படுத்தாலும் இன்னொன்னு நிக்கும்" என்றார்.

"சோறு ஒரே மாதிரிதான் கீது, ஆறிப்போறதுக்குள்ள வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் மனைவி மும்தாஜ். எனக்குத் தங்கச்சி முறை.

என் அப்பா கடைசிக் காலத்தில் பேசியதை எல்லாம் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அப்பா போன பிறகு, போன் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. பதிவுகளைப் பாயிடம் கொடுத்தேன். போனில் இடம் இல்லை என்று அதிலிருந்து அழித்தும் விட்டேன். தாமலுக்குப் புது டிஸ்க் வாங்க வேண்டியிருந்ததால், அதுவரை மாகறலில் இருக்கட்டும் என்றார் பாய். மூன்றுக்கும் திரை தனித்தனி, கீபோர்டு மட்டும் பொது. நடுவில் ஒரு சின்ன டப்பா. அதில் பொத்தானை அழுத்தினால் கீபோர்டு அடுத்த மெஷினுக்குப் போகும். புது டிஸ்க்கைத் துடைத்து வெறுமையாக்கும் கட்டளையைத் தாமலில் அடிக்கப்போன நேரத்தில் கீழே கடையில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். போய்விட்டு வந்து, திரையைப் பார்க்காமல் விரலைப் பார்த்து அடித்தார். கீபோர்டு மாகறலில் இருந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறிப் பெருநகருக்கு வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று சொன்னார். "உங்கப்பா கொரலு போச்சுபா. நான்தான் அழிச்சேன். கரண்டு மேல, மெஷினு மேல பழி போட மாட்டேன்."

"மூணு வச்சிக்கினு ஒன்னைக்கூட ஒழுங்கா பாத்துக்கத் தெரியலயே பாய்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாகறலில் இருந்த அந்த டிஸ்க்கை அதன்பின் அவர் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. கடை மூடிய பிறகும் வெள்ளிக்கிழமை மத்தியானமும் அழிந்ததைத் தேடி அதைத் தோண்டிக்கொண்டே இருந்தார். மாதங்கள் கழித்து என்னைக் கடைக்கு வரச் சொன்னார். ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது. அதில் என் அப்பா, பதிவு செய்யும் போனைக் காட்டி, "இன்னாடா, ஓடிக்கினு கீதா அது?" என்று கேட்கிறார். பிறகு ஓர் இருமல், அவ்வளவுதான். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று அழுதேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வேலையும் செய்திருந்தார். பொத்தானை அழுத்திக் கீபோர்டு எந்த மெஷினுக்குப் போகிறதோ, அந்த மெஷின் அவர் குரலிலேயே தன் பெயரைச் சொல்லும். மூன்றும் மூன்று விதம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி தேட வேண்டியிருந்ததாம். மெஷின் "மாகறல்" என்றதும் அவரும் வாய்விட்டு "மாகறல்" என்பார். அதன் பிறகுதான் விரல் கீபோர்டுக்குப் போகும். "பேரு சொல்லாம எதையும் தொடக் கூடாதுபா" என்பார். எனக்குச் சிரிப்பு வரும், அவர் சிரித்ததில்லை.

பாயை அடக்கம் செய்த மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து ரிஸ்வானா என்னை மாடிக்கு அழைத்தாள். போட்டோக்களையும் கடைக் கணக்கையும் தன் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டு, மூன்றையும் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றாள். "அம்மாவுக்கு இதெல்லாம் பாத்துக்கத் தெரியாது மாமா." அவள் சொன்னதில் தப்பில்லை. நான் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன்.

"மாகறல்" என்றார் பாய்.

கையை எடுத்துவிட்டேன். அடுத்த அறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இத்தாவில் இருக்கும் மும்தாஜ் கதவுத் துணிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது தெரிந்தது.

"இன்னொரு வாட்டி அமுக்குங்கண்ணா."

அழுத்தினேன். "தாமல்." மறுபடி அழுத்தினேன். "பெருநகர்." ரிஸ்வானா லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள். பழைய சாமான்காரர் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்த மூன்று சொற்களையும் அன்றே அவள் போனிலும் என் போனிலும் ஏற்றிவிட்டோம். ஒரே இடத்தில் வைத்தால் வைத்ததாகவே கணக்கில்லை என்பது பாயின் இன்னொரு பேச்சு. ஆனாலும் மெஷின்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வாரம் ஒருமுறை உத்திரமேரூர் போய் அவற்றைப் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை. கம்ப்யூட்டர் வித்தை எதையும் அவரிடமிருந்து நான் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். பொத்தானை அழுத்துகிறேன், பாய் பெயரைச் சொல்கிறார், நானும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடுகிறேன்.

போன வாரம் வேலையை முடித்து எழுந்தபோது துணிக்கு அந்தப் பக்கமிருந்து மும்தாஜ் கேட்டார்.

"ஓடிக்கினு கீதாண்ணா?"

அந்தத் துண்டில் அப்பா கேட்டதும் இதைத்தான்.

"ஓடிக்கினு கீதும்மா" என்றேன்.