அடுக்களைக்குள் ஹாலாஸ்யம்

பழங்காநத்தத்தில் சோணையம்மாள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்த ஹாலாஸ்யத்துக்கு நாற்பத்தைந்து வயது வரை கொள்கை என்று எதுவும் இருந்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் டவுன் பஸ், மாலையில் டவுன் பஸ், நடுவில் கோப்புகள். மனைவி விஜயத்தையோ, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் ஜானுவையோ கேட்டால், "சாது" என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் மூவரும் தமுக்கம் பொருட்காட்சிக்குப் போனார்கள். அம்மாவும் பெண்ணும் வளையல் கடையில் நின்றுவிட்டார்கள். கால் வலித்த ஹாலாஸ்யம் பக்கத்துக் கொட்டகையில் காலியாக ஒரு நாற்காலியைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்தார். அங்கே தாடி வைத்த ஒருவர் இயற்கை வாழ்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலிக்காக மட்டுமே உள்ளே போன மனிதர், பேச்சு முடிந்து வெளியே வந்தபோது வேறு ஆளாக இருந்தார். ஜானு டெல்லி அப்பளம் கேட்டாள்.

"அது விஷம்" என்றார் ஹாலாஸ்யம்.

"போன வருஷம் நீதானேப்பா ரெண்டு தின்னே?"

"அப்போ எனக்குத் தெரியாது."

மறுநாள் காலையிலேயே சீர்திருத்தம் தொடங்கிவிட்டது. குளித்த தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறதே என்று கொல்லையில் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் முனையில் வாழைக்கன்று வைத்தார். நல்ல காரியம், யாரும் ஆட்சேபிக்கவில்லை. குடிக்க மண்பானை வந்தது. அதற்கும் ஆட்சேபம் இல்லை. துணிப்பை இல்லாமல் யாரும் கடைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். பையை மறந்துவிட்டுப் போய், மேல்துண்டில் கத்தரிக்காயை மூட்டை கட்டிக்கொண்டு வந்ததும் அவரேதான். வீட்டில் ஒரு சமயத்தில் ஒரு விளக்குதான் எரியலாம் என்றும் ஒரு சட்டம். ஜானு படிக்கிற நேரத்தில் விஜயம் இருட்டில் பரிமாறினாள். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க ரசம் இலையைத் தவறவிட்டு ஹாலாஸ்யத்தின் தொடையில் விழுந்தது. விளக்குச் சட்டம் அன்றைக்கே தளர்ந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் காபியில் கை வைத்தார். இனிமேல் இந்த வீட்டில் சுக்குமல்லித் தண்ணீர்தான் என்றார். விஜயம் ஒரு வார்த்தை பேசாமல் பில்டரை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாள். மதுரையில் பிறந்து வளர்ந்தவள், விவரம் தெரிந்த நாள் முதல் காபி குடித்தவள், இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று ஹாலாஸ்யம் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அடுத்து, சமையல் கழிவை எருவாக்கக் கொல்லையில் குழி தோண்டினார். காய்த்தோலும் பழத்தோலும் சேர்ந்து சில நாளிலேயே நாற்றம் எழுந்தது. சாணியும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று தாடிக்காரர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோணையம்மாளிடம் மாடு உண்டு. ஒரு விடுமுறை நாள் பிற்பகல், சாணி கேட்பதற்காக முன்கட்டுக்குப் போனார். அங்கே சோணையம்மாளின் சமையலறையில் விஜயம் டவரா டம்ளருடன் மணைமேல் உட்கார்ந்திருந்தாள். ஜானு ஆற்றிக்கொண்டிருந்தாள். அலமாரியில் அவர்கள் வீட்டுப் பித்தளை பில்டர் பளபளவென்று நின்றது.

சோணையம்மாள்தான் முதலில் சுதாரித்தாள்.

"வாங்க அய்யரே! ஒங்களுக்கும் ஒரு டம்ளர் போடவா? இம்புட்டு டிகாஷன் மிச்சங் கெடக்கு."

"நான் சாணி கேக்க வந்தேன்" என்றார் ஹாலாஸ்யம், கூடுமானவரை கம்பீரமாக.

"தாராளமா அள்ளிக்கங்க. நம்ம மாட்டுப் பாலு ஒங்க வீட்டம்மாவுக்கு, சாணி ஒங்களுக்கு."

அன்று மாலை வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. காலையில் ஒரு வேளை காபி, அதுவும் கருப்பட்டி போட்டு என்று முடிவாயிற்று. கருப்பட்டி போட்டால் காபி இயற்கை உணவாகிவிடும் என்று ஹாலாஸ்யம் தீர்ப்புச் சொன்னார். சாணி போட்ட பிறகு குழியும் நாறவில்லை. பில்டர் வீடு திரும்பியது.

இத்தனை சீர்திருத்தங்களில் ஒன்றை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஹாலாஸ்யம் பரணில் ஏற்றிவிட்டார். மண்ணெண்ணெய் செயற்கை, விறகு இயற்கை என்பது அவர் கணக்கு. ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்த நாட்களில் மட்டும் மூட்டிவந்த பழைய விறகடுப்பை விஜயம் முணுமுணுத்துக்கொண்டே மெழுகி எடுத்தாள். ஹாலாஸ்யம் தினமும் விடிந்ததும் முன்கட்டு மொட்டை மாடியில் ஏறிச் சுத்தமான காற்றை இழுத்து, அடக்கி, விட்டார். கீழே பின்கட்டின் ஓட்டு இடுக்குகளிலிருந்து புகை கசிந்து மேலே வரும். "பாக்கறதுக்குக் கிராமம் மாதிரி இருக்கு" என்று ரசித்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நமுத்துப்போயிற்று. விஜயத்துக்கு ஏற்கெனவே இருந்த இருமல் அதிகமாகி, ராத்திரியில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார ஆரம்பித்தாள். ஹாலாஸ்யம் துளசிக் கஷாயம் கொடுத்தார், ஆடாதொடை கொடுத்தார், மாடிக்கு வந்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். இரண்டு படி ஏறியதும் அவள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவர் பயந்தார். ரிக்‌ஷா வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல என்ன அடுப்பு?"

"விறகடுப்பு. இயற்கையானது" என்றார் ஹாலாஸ்யம்.

"சமையல் ரூமுக்கு ஜன்னல் இருக்கா?"

"இருக்கு" என்றார் ஹாலாஸ்யம். அதே நேரத்தில் "இல்லே" என்றாள் விஜயம்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமா சார் அந்த வீட்ல இருக்கீங்க?"

"ஒம்போது வருஷம்."

"சரி. மருந்து எழுதித் தரேன். ஆனா இவங்க அடுப்புப் பக்கமே ஒரு வாரம் போகக் கூடாது. நீங்க சமைங்க. சமைச்சுட்டு வந்து ஜன்னல் இருக்கா இல்லையான்னு சொல்லுங்க."

ஜானு தான் சமைப்பதாகச் சொன்னாள். ஹாலாஸ்யம் விடவில்லை. டாக்டரம்மா தன்னிடம்தானே சொன்னார் என்று ரோஷமாக அடுக்களைக்குள் போனார். ஈர விறகு பிடிக்கவில்லை. ஊதுகுழலை வைத்து ஊதினார். மாடியில் இத்தனை நாள் சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் ஊதினார். அடுப்பு எரிவதற்குப் பதில் அறை நிறையப் புகை எழுந்தது. எதிர்ச்சுவர் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். சுவர், சுவர், கதவு, சுவர். ஜன்னல் இல்லை. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து வாழையடியில் நின்றார். உள்ளே பருப்பு வேகாமலே கிடந்தது.

கூடத்தில் படுத்திருந்த விஜயத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவர் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பாதி புகையால், பாதி புகையால் இல்லை.

"நீ ஏன் எங்கிட்டே சொல்லவே இல்லே, விஜயம்?"

"என்னத்தை?"

"இந்தப் புகையை."

"சொன்னேனே. ஸ்டவ்வைப் பரண்லே ஏத்தினப்பவே சொன்னேன். ஆனியிலே மறுபடி மாடி வரைக்கும் வந்து சொன்னேன். நீங்க மூச்சை அடக்கிண்டு உக்காந்திருந்தேள். பதில் சொன்னா மூச்சு கலைஞ்சுடும்னு கையைக் காட்டினேள்."

ஹாலாஸ்யம் எழுந்து போய், ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஸ்டவ்வை இறக்கித் துடைத்துத் திரி மாற்றினார். அன்றைய சாதத்தை மண்ணெண்ணெயில்தான் வடித்தார். இயற்கைக்கு விரோதமாகத்தான் இருந்தது, யாரும் இருமவில்லை.

ஆனால் ரேஷன் மண்ணெண்ணெய் மாதம் முழுவதும் வராது. விறகும் வேண்டும் என்றால், புகை வெளியே போக வழி வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சோணையம்மாள் ஒரு கல்யாணத்துக்காகப் பேரையூர் போயிருந்தாள். அவள் வரும் வரை பொறுத்திருக்கலாம். சாதுவாக இருந்த காலத்து ஹாலாஸ்யம் பொறுத்திருப்பார். கொள்கை வந்துவிட்ட ஹாலாஸ்யம் கொத்தனார் தவசியைக் கூட்டிவந்து அடுக்களைச் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சோணையம்மாளின் மாட்டுக் கொட்டகை.

பேரையூரிலிருந்து திரும்பிய சோணையம்மாள் கையில் பையோடு நேரே கொட்டகைக்குத்தான் போனாள். அங்கே சுவரில் ஒரு சதுர ஓட்டை. ஓட்டை வழியாகப் புகை. புகைக்கு நடுவில் மாடு.

"அய்யரே! என்னய்யா இது அநியாயம்? என் செவுத்துல ஓட்டையைப் போட்டு எம் மாட்டை இரும வச்சிருக்கீங்க?"

"உங்க மாட்டுக்கு இப்பத்தான் இருமல். என் ஆத்துக்காரிக்கு ஒம்போது வருஷமா இருமல், சோணையம்மா" என்றார் ஹாலாஸ்யம். அவர் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சோணையம்மாள் பையைக் கீழே வைத்தாள். ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம், சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்த விஜயத்தின் முகத்தைப் பார்த்தாள். பாதியாக இளைத்திருந்தது.

"அதுக்காக மாட்டு மூஞ்சிக்கு நேராவா போடுவாக?" என்றாள், சுருதி இறங்கி. ஓட்டையின் விளிம்பைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் பக்கம் திரும்பினாள். "ஏலே தவசி! ஜன்னலை அப்படியே விடு, காத்து வரட்டும். அடுப்புக்கு மேல குழாய வச்சு கூரை ஓட்டைப் பிரிச்சு மேல ஏத்து. மேல போற புகை மேல போகட்டும்."

அப்படியே ஆயிற்று. சுட்ட மண்குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஓட்டுக்கு மேலே வரை தவசி ஏற்றினான். முதல் நாள் அடுப்பு மூட்டியபோது மூன்று பேரும் வாசலில் நின்று, புகை குழாய் வழியாக வருவதைக் கோபுரக் கலசம் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோணையம்மாள் தன் சமையலறைக்கும் ஒரு குழாய் வைத்துக்கொண்டாள். அதைத் தன் யோசனை என்றுதான் தெருவில் சொன்னாள். ஹாலாஸ்யம் மறுக்கவில்லை. அந்த வருஷம் தெருவில் பல ஓடுகளுக்கு மேல் குழாய் முளைத்தது.

விஜயத்தின் இருமல் மார்கழி முழுக்க இருந்தது. தை பிறந்த பிறகுதான் மெல்ல விட்டது. குளிர் காலத்தில் இப்போதும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் என்றாலும் மாடிப்படி ஏற முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலாஸ்யமே சமைத்தார். கீரைத் தண்டைத் தூக்கிப் போடாதே, பூசணித் தோலில் துவையல் அரைக்கலாம் என்று சமைக்கும்போதே பிரசங்கமும் நடக்கும். "டாக்டரம்மா உங்களைச் சமைக்கச் சொன்னா, பேசச் சொல்லலையே" என்பாள் விஜயம்.

இரண்டு வருஷம் கழித்து ஜானுவுக்கு வரன் வந்தது. பையன் வெங்கட்ரமணன், பள்ளிக்கூட வாத்தியார், சிம்மக்கல்லில் வீடு. ஹாலாஸ்யமும் விஜயமும் பேசி முடிக்கப் போனார்கள். பையனின் அப்பா கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்துக் குலம், கோத்திரம், சீர் என்று தொடங்கினார். ஹாலாஸ்யம் எழுந்து நின்றார்.

"தப்பா நினைச்சுக்கப்படாது. உங்க அடுக்களையை ஒரு தடவை பாக்கலாமோ?"

விஜயம் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். பயனில்லை. பையனின் அம்மா வாலாம்பாள் ஒன்றும் புரியாமல் வழிவிட்டாள். அடுக்களை கருகருவென்று இருந்தது.

"ஜன்னல் இல்லையா, மாமி?"

வாலாம்பாள் சுவரில் டப்பாக்கள் அடுக்கியிருந்த பலகையைக் காட்டி மெல்லச் சொன்னாள்: "இருக்கு. நான் கல்யாணமாகி வந்த வருஷமே அதுமேல ஷெல்ப் அடிச்சுட்டா. இன்னி வரைக்கும் யாரும் கேட்டதில்லை."

கூடத்தில் இருந்த பையனின் அப்பா, "இது பொண்ணைப் பெத்தவா கேக்கற கேள்வியா?" என்று கோபித்துக்கொண்டார். வெங்கட்ரமணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, தூக்குகளையும் டப்பாக்களையும் ஒவ்வொன்றாக இறக்கினான். ஹாலாஸ்யம் ஒரு முனை, அவன் ஒரு முனை பிடித்து ஷெல்ப்பைப் பெயர்த்தார்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறக்க அம்மிக்குழவி தேவைப்பட்டது. பலகைக் கதவு திறந்தபோது ஒட்டடையும் தூசியுமாக வெளிச்சம் உள்ளே வந்தது. வாலாம்பாள் அதன் முன்னால் நின்று, சந்தில் போகிறவர்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். காபி போட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

கல்யாணப் பேச்சுக்கு அன்றைக்கு நேரமே இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போய்ப் பேசி முடித்தார்கள். சீர் விஷயத்தில் கொஞ்சம் இழுத்தது. ஆனால் வாலாம்பாள் இந்தப் பெண்ணைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.