தெரோய் வேண்டாம் என்று சொன்ன நாள்

எங்கள் லகூனா மாகாணத்துப் பக்கம், சாப்பிடும்போது யாராவது வாசலைக் கடந்தால் "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியாக வேண்டும். கடப்பவர் "இப்பதான் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு போயாக வேண்டும். இருவரும் பொய் சொல்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். இது தெரியாத ஒரே மனிதர் தெரோய்.

மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டி பூட்டி ஆள் ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. இறக்கிவிட்ட வீட்டில் வாய்வார்த்தைக்குக் கூப்பிட்டாலும் உட்கார்ந்துவிடுவார். ஞானஸ்நான விருந்துக்குக் குழந்தைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர். பொய் சொல்வானேன், அவர் வண்டிச் சத்தம் கேட்டு நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். மானம் போனதெல்லாம் அவர் மனைவி பிலாங்குக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் மிலாவைப் பெண் கேட்டு அடுத்த ஊரிலிருந்து வருவதாக இருந்தது. பையன் தங்கம். அவன் அப்பா கோரியோதான் வில்லங்கம். மரியாதை குறைந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவர்.

பிலாங் விடிந்ததுமே பன்றித் தொடையைக் கரி அடுப்பில் ஏற்றினாள். சோயா சாறு, பழுப்புச் சர்க்கரை, மூன்று அன்னாசி. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த நான், முந்தின நாளே அன்னாசிச் சாற்றில் ஊறப்போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "கறி கூழாயிடும். நீ போய் உன் வேலையைப் பாரு" என்றாள். ஐந்து மணி நேரம் வெறும் தணலில் வெந்தது. தெரோய் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிலாங் அவரை மாதா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாள், யார் கூப்பிட்டாலும் வேணாம்னு சொல்லணும். மூணு தரம் கூப்பிட்டாத்தான் உக்காரணும். சத்தியம் பண்ணு."

"மூணாவது தரம் கூப்பிடலேன்னா?"

"பட்டினி கிட."

சத்தியம் செய்தார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நண்பகலில் பையன் வீட்டார் வந்தார்கள். பரிமாற நானும் நின்றேன். தொடையைத் தட்டில் வைத்ததும் எலும்பு தானாகக் கழன்றது. கோரியோ கரண்டியை எடுத்துக்கொண்டு, முறைப்படி தெரோயைப் பார்த்தார்.

"நீங்களும் உக்காருங்க, சாப்பிடலாம்."

தெரோய் எச்சிலை விழுங்கினார். "இப்பதான் ஆச்சு."

கோரியோவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் மனைவி தன் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"போன மாசம் எங்க வீட்டுக்கு மூட்டை இறக்க வந்தீங்க" என்றார் கோரியோ. "கூப்பிட்டு வாயை மூடல, உக்காந்துட்டீங்க. பழைய சோறும் ரெண்டு கருவாடும். சட்டியை வழிச்சீங்க. இன்னிக்கு உங்க வீட்டுக் கறி உங்களுக்கே வேணாமா? கறியில கோளாறா, இல்ல எங்ககூட உக்கார இஷ்டமில்லையா?"

மிலா அழத் தயாரானாள். பையன் அவள் கையைப் பிடிக்கப் போய், பதற்றத்தில் பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்தான். தெரோய் பிலாங்கைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு தரம் பாக்கி.

"யோவ், சாப்பிடுய்யா" என்றாள் பிலாங்.

ஒரு விரல்.

"உன் கால்ல வேணாலும் விழறேன். உக்காந்து சாப்பிடு."

உட்கார்ந்தார். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார். "பிலாங், இந்த மாதிரி நான் எந்த வீட்டுலயும் சாப்பிட்டதில்ல."

அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. பிலாங் கைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கோரியோ சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் பாய்ந்தார்கள். இரண்டாம் முறை சோறு போடுவதற்குள் கல்யாணத் தேதி முடிவானது.

தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பவருக்கு வெட்கமில்லை என்பார்கள். அதனால் யாரும் தொடவில்லை. தெரோய்கூட. பிலாங் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் கிளம்பும்போது பிலாங் வாசலில் நின்று வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். "அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போலாமே."

கோரியோ ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தார். வெளியே எடுத்தார். "நீங்க இவ்வளவு சொல்லும்போது மாட்டேன்னா நல்லாருக்காது" என்று திரும்பிப் போய், அந்தத் துண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். தெரோய் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கத்தியால் அதைச் சரிபாதியாக வெட்டினார்.

"ஒண்ணு பத்தாதுன்னு இன்னொண்ணு" என்று என் காதில் சொல்லிவிட்டு, பிலாங் சோற்றுச் சட்டியை எடுத்துவரப் போனாள்.