‘வேண்டாம்’ கேட்கப் போன டாக்டர்

டாக்டர் ஸ்டெல்லா இறந்துபோய்விட்டார் என்ற செய்தி, குளச்சலில் என் துணிக்கடையில் சட்டைத்துணி கிழித்துக்கொண்டிருந்தபோது வந்தது. பாதியில் நின்றது கத்திரி. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டியில் எங்களோடு அமர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியும். மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் குழுவில், டாக்டரல்லாத ஒருவரும் இருக்க வேண்டும். ஸ்டெல்லா தலைவர்; அந்த ஒருவர் நான், மனிதகுலத்தின் ஏகப் பிரதிநிதி. கூட்டத்தில் வரும் வடையைத் தவிர எதையும் நான் எதிர்த்ததில்லை.

இனயம் பக்கத்துக் கடற்கரையூரில் ரத்தம் எடுக்கும் ஆராய்ச்சி ஒன்று. அதை நடத்திய டாக்டர் ராபின், எல்லாரும் ரத்தம் கொடுக்க வேண்டுமென்று ஞாயிறு பூசை முடிவில் பங்குச்சாமியாரை அறிவிக்கச் சொல்லிவிட்டார். வரிசை அரபிக்கடலைத் தாண்டி மஸ்கட்வரை நின்றது.

“ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல்ல!” என்று கமிட்டியில் மார்தட்டினார்.

“அதாக்கும் எனக்குப் பயம்,” என்றார் ஸ்டெல்லா. “பீடத்துல நின்னு சாமியாரு சொன்னா, யாரு மக்கா மாட்டேன்னு சொல்லுவா?”

ஆராய்ச்சி நின்றது. எடுத்த ரத்தத்தைத் தொடக்கூடாது. வீடுவீடாகப் போய் மறுபடி கேட்க வேண்டும். ராபின் முகம் கருவாடானது. ஸ்டெல்லா என்னையும் இழுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

“சாமியாரு சொன்ன பெறவு என்ன கேள்வி டாக்டரம்மா?” என்றது ஊர். அவரோ ஒவ்வொரு வாசலிலும், “இஷ்டமில்லேன்னா விட்டுரலாம். சாமியாரு கோவிக்கமாட்டாரு, ஆஸ்பத்திரியில வைத்தியமும் நிக்காது,” என்றார். வெயிலில் நான் பாதி ஆவியாகிப் போனேன்.

மீன்கூடை கழுவிக்கொண்டிருந்த லூர்தம்மாள் நிமிர்ந்தாள்.

“நெசமாட்டா?”

“நெசமாட்டு.”

“அப்போ எனக்க ரத்தத்தக் கொட்டிரு. எனக்கு இஷ்டமில்ல.”

“ஏன்…” என்று தொடங்கிய ராபினின் கையை ஸ்டெல்லா பற்றினார். “அதக் கேக்கப்பிடாது. கேட்டா, பாவம், காரணம் தேடுவா.”

தெருமுனை திரும்பியதும் அவர் முகத்தில் கலங்கரை விளக்கே எரிந்தது. “இன்னிக்காக்கும் அண்ணாச்சி, ஆராய்ச்சி தொடங்கிச்சு!”

கடைசியில் ஸ்டெல்லாவே நோயாளியாகக் கட்டிலில் கிடந்தார். புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்க ராபின் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேண்டாம் மக்கா,” என்றார் ஸ்டெல்லா.

“சரி டாக்டர். மத்த வைத்தியமெல்லாம் அப்படியே நடக்கும்,” என்று சொல்லி, தலையணையைச் சரிசெய்துவிட்டு ராபின் போனார்.

“நல்லாக் கேட்டான், இல்லியா அண்ணாச்சி?” என்றார் ஸ்டெல்லா, பக்கத்தில் இருந்த என்னிடம்.

தலையாட்டினேன். அந்த மருந்து இன்னும் கொஞ்ச காலம் தந்திருக்குமோ? ‘ஏன் வேண்டாம்?’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இன்றும் அது உள்ளே கிடந்து என்னைக் கடைக்கும் கடற்கரைக்குமாக விரட்டுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்காமலே வைத்திருப்பேன்.