தடுமாறிய மோட்டார்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் நானும் என் கணவரும் வேலை பார்த்தோம். டீசல் சூளைக்குக் காற்று ஊதும் மோட்டார் அடிக்கடி தடுமாறும். ஒரு மத்தியானம் அது நின்று, தீ அணைந்தது.

"லோ வோல்டேஜுங்க. கரண்டு சரியாவட்டும்" என்றார் கணவர்.

"சரக்கு வீணாப் பூடும், கொளுத்துடா!" என்று முதலாளி விரட்டினார்.

கணவர் கொளுத்தியதும், உள்ளே தேங்கியிருந்த டீசல் புகை குப்பென்று பற்றி அவர் முகத்தில் அடித்தது. ஒரு கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தபடியே, "ஒரு பொம்ம கூடத் தேறலம்மா" என்றார்.

மெயின் பெட்டியில் கருகிக் கிடந்த வயர் முனைதான் மோட்டார் தடுமாறியதற்குக் காரணம் என்று எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னார்.

இப்போது வேறு பட்டறையில் சூளையை நான் பார்க்கிறேன். மோட்டார் சத்தம் இறங்கினாலே டீசலை அடைத்துவிடுவேன். புகை முழுக்க வெளியேறும்வரை, யார் கத்தினாலும் கொளுத்த மாட்டேன்.