துரைக்கு ஒரு கால் லாடம் பாக்கி

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, மாட்டுக்கு லாடம் அடித்தது. குட்டை ஜாதித் திமில் மாடு. நிமிர்ந்து நின்றாலும் திமில் அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். பெயர் மட்டும் துரை. கயிறு போட்டுச் சாய்த்ததும் அப்பா கால்பக்கம் உட்கார்ந்தார். அவள் கொம்பைப் பிடித்தாள்.

“மெதுவா புடிம்மா. அவனுக்கு வலிக்கப்போவுது.”

“என் கையில கொம்பு குத்துதே, அது பரவாயில்லையா?”

“உனக்கு வாய் இருக்கு, சொல்லிட்ட. அவன் யார்கிட்ட சொல்லுவான்?”

மூன்று கால் முடிந்தது. நான்காவதுக்கு வைத்திருந்த லாடம் குளம்பைவிடப் பெரிதாக இருந்தது. “கொல்லர்கிட்ட சின்னதா அடிக்கச் சொல்லி நானே போய் வாங்கியாறேன்” என்று துரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். மகள் கையில் இருந்த கீறலை அவர் பார்க்கவில்லை. கொல்லரிடம் சொல்லிவிட்டு வந்த அதே வாரம் நெஞ்சுவலி. போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் பம்பு கம்பெனியில் இஞ்சினியர். பட்டம் வாங்கிய அன்று அப்பா வரவில்லை, துரைக்குக் காய்ச்சல். சம்பாதித்து ஒரு சிறிய உழவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தார்ப்பாய் மூடி வைத்தார். கோழி அதன்மேல் முட்டையிட்டது. மரவரிசைகளுக்கு நடுவே உழ யார் கூப்பிட்டாலும் துரையோடுதான் போவார். “இஞ்சின் திரும்ப இடம் கேக்கும். இவன் நின்ன இடத்துலயே திரும்புவான்” என்பார். அது உண்மை. அவளுக்கு எரிந்ததே அதனால்தான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட நேரே கொட்டகைக்குத்தான் போனார்கள்.

“மாடு ஏதாவது தின்னுச்சா?” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

“நான் இன்னும் சாப்பிடல அத்தை.”

“உனக்கென்ன, அடுப்பு எங்க இருக்குன்னு தெரியும். அது கட்டிப்போட்டுக் கிடக்கு.”

மறுநாளே மாட்டுத் தரகரை வரச் சொன்னாள். அவர் துரையைச் சுற்றி வந்தார், கால்களைத் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரு கால் மொட்டையா இருக்கே. இப்படியே தார் ரோட்டுல நடத்துனா குளம்பு தேஞ்சிடும். லாடத்தை அடிச்சு வையுங்க, வந்து ஓட்டிட்டுப் போறேன்.”

அவர் போனபின் கொட்டகைக்குள் வந்தாள். துரை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா வெளியே போனால் எப்போதும் அப்படித்தான் நிற்கும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கி வந்தவள் அவள். இதற்கோ அவர் வெளியே போயிருக்கிறார். வர நேரமாகிறது, அவ்வளவுதான்.

“கொடுத்து வெச்சவன்டா நீ” என்றாள்.

பிறகு கொல்லர் போன் செய்தார். “அப்பா சொன்ன லாடம் தயாரா இருக்கும்மா. எப்ப வர்ற?”

“வரேன்” என்றாள்.

தரகரும் போன் செய்தார். “லாடம் இன்னும் கைக்கு வரல” என்றாள்.

கொல்லர் பட்டறைச் சுவரில், ஓர் ஆணியில், அந்தச் சின்ன லாடம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள் தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு நேர் எதிரேதான் பட்டறை.