மக்காச்சோளப் பாக்கிக்கு வந்த நோட்டீஸ்

அந்தப் பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். எங்கள் தீவன ஆலைக்கு வாரத்துக்கு நான்கைந்து உறைகள் வரும். வரி, மின்வாரியம், வங்கி என்று ஏதாவது இருக்கும். பிரிக்காமல் எடைச்சீட்டுக் கட்டின் மேல் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து, லாரிக்காகக் காத்திருந்த ஒரு மதியத்தில்தான் பிரித்துப் படித்தேன்.

மோகனூர் சாலையில் இருக்கும் அந்த ஆலை நானும் என் தம்பியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அவன் இயந்திரங்களையும் ஆட்களையும் பார்ப்பான், நான் அலுவலகத்தைப் பார்ப்பேன். சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் அரைத்துக் கொடுக்கிறோம். நோட்டீஸ் அனுப்பியிருந்தவர் பதினோரு வருடமாக எங்களுக்கு மக்காச்சோளம் கொடுத்துவந்த சேலத்து வியாபாரி. பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் இருந்து போனவர். பாக்கி முழுவதையும் பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் திவால் சட்டத்தின்படி சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்று அவருடைய வக்கீல் எழுதியிருந்தார்.

பத்தில் மூன்று நாள் ஏற்கெனவே போயிருந்தது.

"பாய் நம்ம மேல கேஸ் போடுவாருங்களா? ஒரு போன் போட்டா முடிஞ்சுதுங்க்கா" என்றான் தம்பி. நான்கு முறை போட்டான். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. நோட்டீஸை முழுதாகப் படித்துவிட்டுச் சொன்னார்:

"இதைச் சாதாரண வசூல் நோட்டீஸ்னு நெனச்சுறாதீங்க. அங்க மனுவை ஏத்துக்கிட்டாங்கன்னா கம்பெனி உங்க கையில இருக்காது. வெளியாள் ஒருத்தர் வந்து உக்காருவாரு. ஒரு செக்ல கூட நீங்க கையெழுத்துப் போட முடியாது. சரி, பாக்கி நிஜந்தானுங்களா?"

அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மழைக்காலத்தில் வந்த லோடுகளில் சோளம் பூசணம் பிடித்திருந்தது. அதை அரைத்த தீவனத்தைத் தின்ற கோழிகள் முட்டையிடுவது குறைந்துபோய், பண்ணைக்காரர்கள் எங்கள் கேட்டில் வந்து சண்டை போட்டார்கள். ஏற்றும்போது நன்றாகக் காய்ந்துதான் இருந்தது, உங்கள் குடோனில்தான் நனைந்தது என்றார் பாய். குடோனில் ஒரு மூலை ஒழுகியதும் உண்மைதான். யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபத்தில் தம்பி, அதற்கு முன்பு வந்த நல்ல லோடுகளுக்கான பணத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டான். நானும் அவனைத் தடுக்கவில்லை. அது எங்கள் தப்பு.

"நோட்டீஸ் வர்றதுக்கு முந்தியே இந்தத் தகராறு இருந்துச்சுன்னு காட்ட எழுத்துல என்ன இருக்குது? அது இருந்தா மனுவை அங்க ஏத்துக்க மாட்டாங்க" என்று கேட்டார் வக்கீல்.

என்னிடம் ஒன்றுமில்லை. பாயிடம் போனில்தான் பேசியிருந்தேன். இத்தனை வருடம் பழகியவருக்குப் புகார்க் கடிதம் எழுதுவது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருந்தேன்.

தம்பி போனைத் துழாவிக்கொண்டிருந்தான். "அக்கா, திட்டாதீங்க" என்று சொல்லி வக்கீலிடம் நீட்டினான். சோளத்தைச் சோதிக்கக் கொடுத்திருந்த ஆய்வகத்தின் அறிக்கை வந்த அன்றே அதைப் படம் எடுத்து, எனக்குச் சொல்லாமல் பாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கீழே எழுதியிருந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். "பூசணம் புடிச்ச சோளத்தக் குடுத்து எங்க பொழப்பக் கெடுத்துட்டீங்க. இதுக்கு ஒத்தப் பைசா தர மாட்டோம். இனி எங்க கேட்டுப் பக்கம் உங்க லாரி வரக்கூடாது."

வக்கீல் தேதியைப் பார்த்தார், செய்தியை இரண்டு முறை படித்தார். "இது போதுங்க" என்றார்.

மொத்தப் பாக்கியுமே தகராறில் இருப்பதாக எழுதிவிடலாம் என்பது அவர் யோசனை. தம்பிக்கும் அதுதான் விருப்பம். "நல்ல சோளத்துக்கு உண்டானது நாங்க கொடுக்க வேண்டியதுதானுங்க. அதை இல்லைன்னு எழுத மாட்டேன்" என்றேன். வக்கீல் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். நல்ல லோடுகளின் பாக்கி மட்டும் என்றால் அந்தத் தீர்ப்பாயம் வழக்கை எடுக்கத் தேவையான குறைந்தபட்சத் தொகைக்கு வராது என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார். தம்பி எனக்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் பதில் அனுப்பினோம். நல்ல லோடுகளுக்கான செக்கையும் அதோடு வைத்தோம். பாய் செக்கை வங்கியில் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னாலேயே வழக்கும் வந்தது.

சில வாய்தாக்களுக்குப் பிறகு ஒருநாள் சென்னைத் தீர்ப்பாயத்தில் விசாரணை நடந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பியின் செய்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வக்கீல் வாசிக்கக் கேட்டபோது அது யாரோ ஒரு பெரிய அதிகாரி எழுதியது போல இருந்தது. நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்திருக்கிறது, யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

வெளியே வராந்தாவில் பாய் தனியாக நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"அந்த மெசேஜ் மட்டும் வராம இருந்திருந்தா நான் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டேம்மா. கேட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டாரு உங்க தம்பி. நீங்க அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எனக்கு அப்பத் தெரியாதுங்க பாய்."

"தெரிஞ்ச பொறவு?"

தெரிந்த பிறகு அதையே வக்கீல் சாட்சியாக வைக்கச் சம்மதித்தவள் நான். அவர் நடந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் அதே தொகைக்குப் புதிய செக் எழுதிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் அவர் கடைக்குப் போனேன். கூப்பிடாமலே தம்பியும் வந்தான். பாய் செக்கை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தார். தம்பி நின்றுகொண்டே, "நான் அப்படி எழுதுனது தப்புதானுங்க பாய்" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உக்காருங்க" என்றார். பூசண லோடுகளுக்கு ஆளுக்குப் பாதி நஷ்டம் என்று அன்றைக்கே பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். அதை எட்டு மாதம் முன்பே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் சோளம் வாங்கவில்லை. கேஸில் ஜெயித்துவிட்டீர்களாமே என்று பண்ணைக்காரர்கள் இப்போதும் கேட்கிறார்கள். தம்பி ஆமாங்க என்கிறான். நான் ஆலை ஓடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.