யார் போட்ட மிளகு

சமைக்கும்போது கரண்டியை வாயில் வைத்து ருசி பார்ப்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. "பரீட்சை ஹால்ல பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்கிற மாதிரி" என்பாள். அடுப்பில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் சமையலறைக்குள் வர வேண்டாம், கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தால் போதும்.

ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் மேஜைத்துணிகளையும் வெளுக்கிற ஒரு லாண்டரியில் அவளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. பகல் முழுக்க நீராவியிலும் சோப்பு நெடியிலும் நின்றுவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற இரண்டு அறை வீட்டுக்குப் படியேறி வந்தால், செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்பைப் பற்ற வைப்பாள். சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் குளியல். வேலை செய்த வியர்வையோடு சாப்பிட உட்காருவது அவளுக்கு ஆகாது.

அவள் சமையலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. பருப்பு, ஏதாவது ஒரு காய், சோறு. ஆனால் சீரகத்தை வெறும் சட்டியில் சூடு காட்டி, அது வாசனையை விடுகிற அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் நின்றால் கசப்பு. மிளகைப் பாத்திரம் கீழே இறங்கின பிறகுதான் போட வேண்டும். கொதிக்க விட்டால் காரம் மிஞ்சும், மிளகு வாசனை போய்விடும். பட்டை நகத்தளவுக்கு மேல் போட்டால் சாப்பாடா மருந்தா என்று தெரியாது. கொத்தமல்லி விதையை அன்றன்றைக்கு இடிக்க வேண்டும். புதினாவைக் கத்தியால் தொடவே கூடாது, கையால் கிள்ளிக் கடைசியில் தூவ வேண்டும். பாக்கெட்டில் விற்கிற பொடி வாசற்படி தாண்டக் கூடாது. எதிர்வீட்டுக்காரி மருந்துக்கடை மாதிரி வரிசையாகக் கண்ணாடி பாட்டில்களை அடுக்கிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். அதைப் பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எதுக்கு எதைப் போடணும்னு தெரியாதவங்கதான் எல்லாத்துலயும் எல்லாத்தையும் போடுவாங்க என்பாள், எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே.

இப்படி ஊரார் மூக்கையெல்லாம் பழித்து வைத்திருந்தாள். வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாதவர். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விருந்தாளிகள் முன்னாலேயே அவரைச் சொல்லியிருக்கிறாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சுடுதண்ணீர் வைத்தால் அடிப்பிடிக்கிற கை. கூடவே இருக்கிற கொழுந்தன் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன். தின்னர் வாசனையில் அவனுக்கு மூக்கு எப்போதோ மரத்துப் போயிற்று என்பது அவள் தீர்ப்பு.

அந்த வாய்க்குத்தான் ஒரு காய்ச்சல் வந்தது. சளியும் காய்ச்சலுமாக ஒரு வாரம் படுத்தாள். எழுந்து வந்து கிராம்பு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. டப்பா காலியோ என்று உள்ளே பார்த்தாள். நிறைய இருந்தது. பட்டை, சீரகம், உரித்த பூண்டு, கடைசியில் கொழுந்தனுடைய தின்னர் பாட்டில். எல்லாம் பச்சைத்தண்ணீர்.

டாக்டரிடம் போனாள். "வரும். வராமலும் போகலாம். பொறுத்திருந்து பாருங்க" என்றார் அவர். இதைச் சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று கொதித்துக்கொண்டே வீடு வந்தாள். சின்னச் சின்ன விஷயத்துக்கே மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். இப்போது மூக்கே இல்லை, கோபம் மட்டும் இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மூக்கு போனால் என்ன, கை இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை வருஷத்துக் கை. கண்ணால் நிறம் பார்த்து, காதால் வெடிப்பு கேட்டு, விரல்கள் பழகின அளவில் எடுத்துப் போட்டாள். முதல் நாளே எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டை வாய்விட்டுப் பாராட்டினதே கிடையாது. தட்டைக் காலி செய்வார்கள், அதுதான் பாராட்டு.

நாலைந்து நாள் போனபின் அவள் நாக்கு எரிய ஆரம்பித்தது. வாசனை போனாலும் காரத்தின் எரிச்சல் போகவில்லை. கொஞ்சமாகத்தானே மிளகு போட்டோம் என்று யோசித்தாள். மறுநாள் பாதியாகக் குறைத்தாள். இன்னும் எரிந்தது. அதற்கும் மறுநாள் பேருக்கு ஒரு சிட்டிகை போட்டாள். அன்றைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இடித்து வைத்த மிளகுக் கிண்ணத்தைப் பார்த்தால் அளவு இறங்கியிருந்தது. அப்படியென்றால் போட்டது அவள்தான். போட்டுவிட்டு, போட்டதை மறந்து, மறுபடி போட்டிருக்கிறாள்.

அவளுடைய பெரியம்மா ஒருத்தி இப்படித்தான் ஒரே பாத்திரத்தில் திரும்பத் திரும்ப உப்புப் போட ஆரம்பித்து, கடைசியில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டாள். மூக்கு போனது ஒரு சனியன், தொலையட்டும். புத்தியும் போகிறதென்றால்?

லாண்டரியில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். அணைத்திருக்கும். ஆனாலும் மறுபடி போவாள். விரிப்பு மேல் சுடச்சுடப் பெட்டியை வைத்துவிட்டு மறந்துபோனால் துணி மட்டுமா எரியும், பக்கத்தில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் சூப்பர்வைசரம்மாவிடம் போய், "என்னை மடிக்கிற மேஜைக்கு மாத்திடுங்க. கை வலிக்குது" என்றாள். ஜன்னலோரத்தில் அவள் நின்ற இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். எல்லோரும் பழக்கத்தில் இன்னும் இஸ்திரியக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

வீட்டிலும் மகளைக் கூப்பிட்டு அடுப்பை ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தாள். வர்ற வாரம் சொல்லிவிடலாம், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நானே சமைத்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பருப்பை இறக்கி மூடிவிட்டுக் குளிக்கப் போனவள், துண்டை எடுக்க மறந்து திரும்பி வந்தாள். பார், இதுவும் மறந்துபோச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தவள், சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். கணவர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி, மிளகுக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளிப் பருப்பில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் மூடினார். லிஃப்ட் கதவைக்கூட அவர் அவ்வளவு பதமாக மூடியிருக்க மாட்டார்.

அவள் பின்வாங்கிப் பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் போனதும் மகள் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். மசாலாப் பொடி. கடையில் விற்கிற, பளபளப்பான படம் போட்ட பாக்கெட். அதைப் பருப்பில் தட்டி, கலக்கி, பாக்கெட்டை மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள். கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. இதெல்லாம் போதாதென்று கொழுந்தன் வந்தான். அங்கும் இங்கும் பார்த்தான். அவனும் மிளகுதான். போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, இன்னொரு கரண்டியும் போட்டான். ஒருத்தர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு திருட்டு, ஆளுக்கொரு தியாகம்.

அவள் அப்போது கத்தவில்லை. போய் ஆற அமரக் குளித்தாள். வந்து எல்லோரையும் உட்கார வைத்தாள். சோற்றைக் குவித்து, பருப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள்.

"போதும் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"சாப்பிடு தம்பி. உழைக்கிற உடம்பு."

சாப்பிட்டார்கள். மகளுக்கு மூக்கு ஒழுகியது. கணவர் இருமலை அடக்கப் பார்த்து விக்கல் எடுத்தார்.

"கண்ணுல என்னங்க தண்ணி?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"யார் போட்ட மிளகு நல்லா இருக்கு? நீங்க போட்டதா, தம்பி போட்டதா?"

திருடனுக்குத் தேள் கொட்டினது போல மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீயுமா என்கிற பார்வை.

"மொத நாளே தெரிஞ்சுபோச்சும்மா" என்றாள் மகள். "சாப்பாட்டுல ஒரு வாசனையும் இல்ல. நீயும் கிராம்பு டப்பாவை மோந்து மோந்து பார்த்துட்டிருந்தே. சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு?" அவள் எழுந்து நின்றாள். "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்டி நான். போட்ட மிளகை மறந்துட்டுத் திரும்பப் போடறேன்னு நினைச்சேன். நாளைக்கு உன்னையே யாருன்னு கேட்பேனோன்னு நினைச்சேன். பெட்டியைத் தொடவே பயந்துபோய், நானே போய்க் கேட்டு மடிக்கிற மேஜைக்கு மாறிட்டு வந்திருக்கேன். மூக்கு போனதை நான் தாங்கிக்கிட்டேன். நல்லா இருந்த கையை நீங்க மூணு பேரும் சேர்ந்து எங்கிட்டயிருந்து பிடுங்கிட்டீங்க."

லாண்டரி விஷயம் அவர்களுக்கு அதுவரை தெரியாது. கணவர் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"என்கிட்டச் சொல்லாம என்னை என்னத்தைக் காப்பாத்தறது?"

நல்ல எண்ணம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் எந்தத் திருட்டும் திருட்டில்லை என்று எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் அந்தப் பருப்பை அப்படியே கொட்டினாள். மகளுடைய பையிலிருந்த பாக்கெட்டையும் எடுத்துக் கொட்டினாள்.

மறுநாள் முதல் வேலையாகச் சூப்பர்வைசரம்மாவிடம் போனாள். "கை வலி போயிடுச்சு. என் இடத்தைக் குடுங்க" என்றாள். அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டாள். ஜன்னலோரத்தில் நின்று பெட்டியைத் தூக்கினாள். அன்று மாலை வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கித் தின்றார்கள். அதற்கடுத்த நாள் படியேறி வந்தவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"இங்க வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். "வந்து பக்கத்துல நில்லுங்க. வாசனை வந்தா சொல்லணும்."

சட்டியில் சீரகத்தைப் போட்டாள். அவர் குனிந்து முகர்ந்தார்.

"என்ன வருது?"

"சீரகம்."

"போட்டதே நான்தான். எப்படி வருதுன்னு கேட்டேன்."

"நல்லா வருது."

"நல்லான்னா என்ன நல்லா? இத்தனை வருஷம் சாப்பிட்டீங்களே, அதுக்கு ஒரு வார்த்தை கிடையாதா உங்ககிட்ட?"

அவர் தலையைச் சொறிந்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாய்க்கு ருசியாகத் தின்னத் தெரிகிறது, இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடி குனிந்தார்.

"லிஃப்டுக்கு மேல மோட்டார் ரூம் இருக்கில்ல. காலையில லிஃப்ட் ஓட ஆரம்பிச்சதும் ஒரு வாசனை வரும். சூடேறுது, ஆனா ஒண்ணும் கெடல. அந்த மாதிரி இருக்கு."

"இப்ப?"

"இப்ப... இன்னும் கொஞ்சம் விட்டா மோட்டார் கருகிடும்."

அவள் சட்டென்று சட்டியைத் தூக்கினாள். சீரகம் அவளுக்கு வேண்டிய அதே நிறத்தில் இருந்தது. இவ்வளவு தெரிந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறார் என்று கோபம் இன்னொரு மடங்கு ஏறியது. சீரகத்தைப் பருப்பில் கொட்டினாள், பாத்திரத்தை இறக்கினாள், மிளகைத் தன் அளவில் போட்டாள், புதினாவைக் கிள்ளித் தூவினாள்.

அவர் பாத்திரத்தின் மேல் குனிந்தவர், நிமிரவில்லை.

"என்ன? சொல்லுங்க."

"நீ வீட்ல இருக்கிற மாதிரி இருக்கு."

"நான் வீட்லதானே இருக்கேன்?"

"காய்ச்சலுக்கு அப்புறம் மொத மொதல்ல சமைச்சியே, அன்னைக்கு நான் வேலை முடிஞ்சு படியேறி வந்தேன். நீ இதே இடத்துலதான் நின்னுட்டிருந்தே. ஆனா வீட்ல நீ இல்லாத மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயமாயிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது மிளகு ஒண்ணுதான். அதை அள்ளிப் போட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றாள். சத்தமாகத்தான் கேட்க நினைத்தாள். சத்தம் வரவில்லை.